காய்ச்சல் தணிந்தபின் குருதி தடிக்கும்

(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



கொழும்பில் வாழும் நமக்கு டெங்கு புதிய சொல் அன்று. 2017ஆம் ஆண்டில் இலங்கையில் 186,000 இற்கும் மேற்பட்டோர் இந்நோய்க்கு ஆளானதாகப் பதிவாயிற்று, நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். அவ்வாண்டு கொழும்பு மாவட்டமே முன்னின்றது. இவ்வளவு பட்டும், வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் நம் வீடுகளில் ஓர் எண்ணம் மாறவில்லை: “காய்ச்சல் விட்டது, இனிப் பயமில்லை.” இது எத்துணை பிழையானது என்பதைக் குருதியின் பௌதிக இயல்பைக் கொண்டே காட்டலாம்.

மிஷன் பள்ளி ஆய்வுகூடத்தில் இரு குழாய்களில் நீரையும் தேனையும் ஊற்றிப் பார்த்தோம். நீர் விரைந்தது, தேன் தயங்கியது. இத்தயக்கத்தையே பாகுத்தன்மை என்பர். குருதியின் பாகுத்தன்மை நீரினதைப் போல் ஏறத்தாழ மூன்று நான்கு மடங்கு. காரணம் செங்கலங்கள். நூறு பங்கு குருதியில் அவை ஏறத்தாழ 40 முதல் 45 பங்கு. எஞ்சியது பெரும்பாலும் பிளாஸ்மா என்னும் நீர்ப்பகுதி. செங்கலங்களின் இப்பங்கையே ஆஸ்பத்திரியில் பி.சி.வி. என்கின்றனர்.

ஒடுங்கிய குழாய்களில் திரவம் ஓடும் முறையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆராய்ந்தவர் பிரெஞ்சு மருத்துவர் புவாசேய். அமுக்கம் மாறாதிருக்க, பாகுத்தன்மை இருமடங்கானால் ஓட்டம் பாதியாகும். குருதிக்கோ மற்றுமோர் இயல்புண்டு. விரைந்து ஓடும்போது அது இளகும். மெல்ல ஓடும்போது செங்கலங்கள் காசுகளை அடுக்கினாற்போல் ஒட்டிக்கொள்ள, மேலும் தடிக்கும்.

டெங்கு கண்ட சிலருக்கு, காய்ச்சல் தணியும் வேளையில், நுண்குழாய்களின் சுவர் வழியே பிளாஸ்மா கசிகிறது. செங்கலங்கள் உள்ளேயே நிற்கின்றன. குருதியின் அளவு குறைகிறது, எஞ்சியது தடிக்கிறது. அளவு குறைவதே பேராபத்து. தடிப்பு அதை அறிவிக்கும் மணியோசை. 40 ஆக இருந்த பி.சி.வி. 48 ஆயிற்றென்றால், ஐந்தில் ஒரு பங்கு ஏறிவிட்டது என்று பொருள். இக்கசிவு 24 முதல் 48 மணி நேரம் நீடிக்கலாம். அதனாலேதான் வைத்தியர்கள் திரும்பத் திரும்பக் குருதி எடுக்கின்றனர். அதைக் கண்டு நாம் சலித்துக்கொள்ளலாகாது.

எம் நண்பர் ஒருவர் காய்ச்சல் விட்ட மறுநாளே விரிவுரைக்குப் புறப்பட்டார். கை சில்லிட்டிருந்ததைத் தொட்டுணர்ந்த தாயார், அவர் மறுத்தும் கேளாது ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் சென்றார். நண்பர் இன்று நம்மிடையே இருப்பது அந்தத் தாயின் கையுணர்வால்.

ஆகவே, காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் மட்டும், அதுவும் அளவோடு. அஸ்பிரின், இபுபுரோபன் வேண்டவே வேண்டாம். கஞ்சி, இளநீர், ஜீவனி கொடுக்கலாம். ஆனால் அளவின்றித் திணிக்கலாகாது. கசிந்த நீர் பின்னர் குழாய்களுக்குத் திரும்பும்போது அதுவே மிகையாகிவிடும். காய்ச்சல் விட்டபின் வயிற்றுவலி, தொடர்ந்த வாந்தி, குளிர்ந்த கைகால், குறைந்த சிறுநீர், அமைதியின்மை, இவற்றில் ஒன்று கண்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்லவேண்டும்.

இளைஞர்களே! அயல்வீட்டில் காய்ச்சலென்றால் முதல்நாள் விசாரிக்கிறோம். காய்ச்சல் விட்டதென்றால் மறந்துவிடுகிறோம். இனி, காய்ச்சல் விட்ட நாளிலேயே அவ்வீட்டுப் படியேறுவோம். நம் சங்கம் செய்யக்கூடிய எளிய தொண்டு இது. ஓர் உயிரையும் காக்கலாம்.