வழுக்கையாற்றின் நலம் அறிவோம்

(வலிகாமம் கமக்காரர் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பட்ட உரை)



வலிகாமத்தில் ஆறு என்று சொல்ல நமக்குள்ளது ஒன்றே. தெல்லிப்பழைப் பகுதியில் தொடங்கி, அளவெட்டி, கந்தரோடை, சண்டிலிப்பாய், வட்டுக்கோட்டை வயல்களினூடே ஏறத்தாழ 16 கிலோமீற்றர் சென்று, அராலியில் கடல்நீரேரியை அடையும் வழுக்கையாறே அது. மாரியில் ஓடிக் கோடையில் வறளும் இதனை ஆறென்று அழைப்பதா எனப் பிற மாவட்டத்தார் நகைக்கலாம். ஆயின், சுண்ணாம்புக் கல்லின் மேல் குடியிருக்கும் நமக்கு, மாரி நீர் கடலுக்கு ஓடிவிடாது நிலத்துள் இறங்க உதவும் வழிகளுள் இது முதன்மையானது. இன்று இவ்வாற்றில் கலப்பது நாளை நமது கிணற்றில் ஊறும்.

இந்த ஆறு நலமாக உள்ளதா? இக்கேள்விக்கு ஆளுக்கொரு விடை கூறுகிறோம். நமக்கு வேண்டியது அபிப்பிராயம் அன்று, சான்று. சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த வழக்கிலே உயர் நீதிமன்றம் 2019ஆம் ஆண்டில் பாதிக்கப்பட்ட மக்களுக்கு இழப்பீடு வழங்கக் கட்டளையிட்டது. அங்கே மக்களின் குறைக்கு வலுவூட்டியவை நீரைச் சோதித்துத் தயாரித்த அறிக்கைகளே. சான்றில்லாத குறை மன்றிலே நில்லாது.

சான்று திரட்டும் முறை கமக்காரருக்கு எட்டாததன்று. முதலில் கரையைப் பார்க்க வேண்டும். நாணலும் கோரையும் மரநிழலும் உள்ள கரை, வயலிலிருந்து வரும் மண்ணையும் பசளையையும் ஓரளவு தடுத்து நிறுத்தும். வரம்பை நகர்த்தி நகர்த்தி ஆற்றின் விளிம்புவரை உழுத இடத்தில் அந்தக் காவல் இல்லை.

அடுத்தது நீர். நைத்திரேற்றின் அளவு லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படின் அந்நீர் குடிக்க உகந்ததன்று என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. கைக்குழந்தைகளுக்கு அது பெருங்கேடு. தோட்டப் பசளையிலிருந்தும் மலக்குழிகளிலிருந்தும் அது வருகிறது. நீரில் கரைந்துள்ள ஒட்சிசனை அளக்கும்போது நேரத்தைக் கவனிக்க வேண்டும். பாசி மண்டிய நீர் நண்பகலில் ஒட்சிசன் மிகுந்து நலமானதுபோலத் தோன்றும். இரவில் அப்பாசியே ஒட்சிசனை உட்கொள்ளும். ஆகவே விடியுமுன் எடுத்த அளவே உண்மை நிலையைக் காட்டும். நண்பகலில் மட்டும் வந்து அளந்து செல்பவரின் அறிக்கையை நாம் அப்படியே ஏற்கலாகாது.

மூன்றாவது உயிர்கள். நீரின் மாதிரி அது எடுக்கப்பட்ட கணத்தைப் பற்றி மட்டுமே பேசும். அடியிலே வாழும் பூச்சிகளோ பல வாரங்களின் கதையைக் கூறும். கைவலையால் அடிமண்ணையும் புற்களையும் அலசி, வெள்ளைத் தட்டிலே கொட்டிப் பாருங்கள். தும்பியின் குடம்பி, நத்தை, வாலில் மூன்று இழையுடைய சிறு பூச்சிகள் எனப் பலவகை உயிர்கள் இருப்பின் அது நற்குறி. செந்நிறப் புழுக்கள் மட்டும் திரளாக நெளியுமாயின் ஒட்சிசன் குன்றியதென்று ஐயுறலாம். அவற்றின் குருதிநிறப் பொருள் அத்தகைய சேற்றிலும் அவற்றை உயிர்வாழச் செய்கிறது.

ஆயினும் தீர்ப்புக்கு அவசரப்படலாகாது. ஆண்டு முழுதும் ஓடும் குளிர்நாட்டு ஆறுகளுக்கு வகுத்த அட்டவணையை வைத்து, வற்றும் ஓடையைத் தண்டித்தல் நீதியாகாது. தை மாதத்தில் தேங்கிய குட்டையைக் கார்த்திகை வெள்ளத்தோடு ஒப்பிடுவதும் பொருந்தாது. அராலி அண்டையில் உவர்நீரின் தாக்கத்தாலும் உயிர்கள் மாறும். ஒரே இடத்தை, ஒரே பருவத்தில், ஒரே முறையில், ஆண்டுதோறும் பார்த்தால்தான் மாற்றம் புலப்படும்.

இத்தகைய கணக்கெடுப்பு கமக்காரனைக் குற்றவாளியாக்கும் சூழ்ச்சியன்றோ எனச் சிலர் அஞ்சுகின்றனர். உண்மை அதற்கு மாறானது. 2021ஆம் ஆண்டிலே இரசாயனப் பசளை இறக்குமதியை அரசு திடீரெனத் தடைசெய்து, விளைச்சல் குன்றியபின் அவ்வாண்டு நவம்பரிலேயே அத்தடையைக் கைவிட்டது. எந்த மண்ணுக்கு எவ்வளவு பசளை போதும் என்று அளந்தறியாத ஆட்சி, ஒன்றில் அள்ளிக் கொடுக்கும், இல்லையேல் அடியோடு தடுக்கும். நம்மிடம் சொந்தக் கணக்கு இருந்தால், எங்கே குறைப்பது, எங்கே தொடர்வது என்பதை நாமே எடுத்துரைக்கலாம். வீணே ஆற்றில் கரையும் பசளை நமது பணமுமாகும்.

இயற்கையைக் காத்தல் ஒவ்வொருவரதும் கடமையென அரசியலமைப்பின் 28ஆம் உறுப்புரை கூறுகிறது. சுற்றாடலைப் பேணுதல் அரசின் பொறுப்பென 27ஆம் உறுப்புரை கூறுகிறது. முதலாவதை நாம் நிறைவேற்றிக் காட்டினால் இரண்டாவதை உரிமையுடன் கேட்கலாம்.

ஆகவே நாம் முன்வைக்கும் யோசனை இது. வரும் மாரியிலே அளவெட்டி, சண்டிலிப்பாய், அராலி ஆகிய மூன்று இடங்களைத் தெரிவு செய்வோம். முதல் வெள்ளத்தின்போதும், ஓட்டம் நிலைத்தபின்னும், வற்றத் தொடங்கும் வேளையிலும் மும்முறை பார்ப்போம். கமக்கார அமைப்புகள் ஆள் தரட்டும். விஞ்ஞான ஆசிரியர்கள் முறையைக் கற்பிக்கட்டும். வைத்தியர்கள் அருகிலுள்ள கிணறுகளின் நீரைச் சோதிப்பிக்கட்டும். சட்டத்தரணிகளாகிய நாம் நாளும் இடமும் கையொப்பமும் தவறாது பதிவேட்டைப் பேணுவோம். குறை எங்கு தென்படினும், அது வயலில் இருந்தாலும் ஆலையில் இருந்தாலும், மறையாது எழுதுவோம்.

இப்பணிக்குப் பெயர் தர விரும்புவோர் இக்கூட்டம் கலையுமுன் முன்வருமாறு வேண்டுகிறோம்.