வெள்ளத்திற்கு முன்னே எழுதவேண்டிய பட்டியல்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

கல்விக் கழகத்தின் வெள்ளி விழாவில் புயலையும் வெள்ளத்தையும் பற்றிப் பேசுவதற்கு என்ன பொருத்தம் என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். பொருத்தம் உண்டு. இயற்கைச் சீற்றம் வரும்போது அரசு நம்மைக் காப்பதும் காவாமற்போவதும் பெரிதும் தாளில் எழுதப்பட்டவற்றைப் பொறுத்தே அமைகின்றன. அத்தாளைப் படிக்கவும், பிழை கண்டால் திருத்தச் சொல்லவும் வல்லவர்கள் நம் தெருவில் இருக்கிறார்களா என்பதே என் கேள்வி. கல்விக் கழகத்தில் கேட்காமல் இதனை வேறெங்கே கேட்பது?

நம் மாவட்டத்து நிகழ்ச்சியிலிருந்தே தொடங்குகிறேன். 2024ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. கடந்த புயல் விரைந்து போய்விடவில்லை. பல மணி நேரம் அங்கேயே நின்று மழையைக் கொட்டிற்று. டிசம்பர் 1ஆம் நாள் காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில், திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் 51 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. ஓராண்டில் பெய்ய வேண்டிய மழையில் ஏறத்தாழப் பாதி ஒரே நாளில் பெய்துவிட்டது.

அத்துடன் துன்பம் முடிந்ததா? இல்லை. மேற்கே மலைப்பகுதிகளிலும் பெருமழை பெய்ததால் சாத்தனூர் அணை நிரம்பிற்று. டிசம்பர் 2ஆம் நாள் விடியலுக்கு முன் அவ்வணையிலிருந்து வினாடிக்கு 1,68,000 கன அடி நீர் தென்பெண்ணையாற்றில் திறந்துவிடப்பட்டது. அரசூர், இருவேல்பட்டுப் பகுதியில் வெள்ளம் தேசிய நெடுஞ்சாலை மீதே பாய்ந்தது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்திற்கும் இடையிலுள்ள இரயில் பாலத்தில் நீர் அபாய அளவைக் கடந்ததால் இரயில்கள் நிறுத்தப்பட்டன. போதிய எச்சரிக்கையின்றி அணை திறக்கப்பட்டதென்று எதிர்க்கட்சிகள் குற்றஞ்சாட்டின. முறைப்படி எச்சரித்த பின்னரே திறக்கப்பட்டதென்று அரசு மறுமொழி கூறிற்று. அந்த வழக்கில் நான் நுழையப் போவதில்லை. அணையில் புறப்பட்ட எச்சரிக்கை ஆற்றங்கரையிலுள்ள கடைசிக் குடிசைக்கு எவ்வழியாக, எவர் வாயிலாக, எத்தனை மணிக்குப் போய்ச் சேர்கிறது என்பதே நமக்குரிய கேள்வி.

இதனை அறிய, அரசின் ஏற்பாடு எவ்வாறு அமைந்துள்ளது என்பதைச் சுருக்கமாகவேனும் தெரிந்துகொள்ள வேண்டும்.

நம் நாட்டில் இத்துறை பஞ்சத்தில் பிறந்தது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும்பஞ்சத்தில் மக்கள் இலட்சக்கணக்கில் மாண்டனர். நிவாரணப் பணிக்கு வந்த கூலியாளுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் சிறிது காசும் போதுமென்று அந்நாளைய அரசு கணக்கிட்டது. 1880இல் பஞ்ச ஆணையம் அறிக்கை தந்தது. அதன் வழியே பஞ்ச விதித்தொகுப்புகள் எழுந்தன. கலெக்டர், தாசில்தார், கிராம அதிகாரி என்னும் வருவாய்த்துறை வரிசையே நிவாரணத்திற்கும் பொறுப்பாயிற்று. வரி வாங்கிய கையே கஞ்சி ஊற்றும் கையும் ஆனது. இன்றும் தமிழ்நாட்டில் வருவாய் நிருவாக ஆணையரே மாநில நிவாரண ஆணையராக விளங்குகிறார்.

2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை தமிழ்நாட்டில் ஏறத்தாழ 8,000 உயிர்களைக் கொண்டுபோயிற்று. மறு ஆண்டு, 2005இல், பேரிடர் மேலாண்மைச் சட்டம் நிறைவேறியது. அச்சட்டத்தின்படி மாநில ஆணையத்திற்கு முதலமைச்சர் தலைவர். மாவட்ட ஆணையத்திற்கு ஆட்சியர் தலைவர். மாநிலத்திற்கொரு திட்டம், மாவட்டத்திற்கொரு திட்டம் எழுதப்பட வேண்டும். மாவட்டத் திட்டம் ஆண்டுதோறும் மறுஆய்வு செய்யப்பட வேண்டும். சென்னை எழிலகத்தில் மாநில அவசரக் கட்டுப்பாட்டு மையம் உள்ளது. அதன் தொலைபேசி எண் 1070. மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077. வானிலை ஆய்வுத் துறை மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று அறிவிப்பு விடுக்கிறது. அதனையொட்டிப் பொதுப்பணி, மின்சாரம், சுகாதாரம், காவல், தீயணைப்பு ஆகிய துறைகளை ஒருமுகப்படுத்துவது ஆட்சியரின் கடமை. தேவை மிகுந்தால் அரக்கோணத்திலிருந்து தேசியப் பேரிடர் மீட்புப் படையும் வரும்.

பணம் எங்கிருந்து வருகிறது? மாநிலப் பேரிடர் நிதியில் நம்போன்ற மாநிலங்களுக்கு மத்திய அரசு நான்கில் மூன்று பங்கும், மாநில அரசு ஒரு பங்கும் இடுகின்றன. 2021 முதல் 2026 வரைக்கும் பதினைந்தாம் நிதிக்குழு வகுத்த முறையில், மொத்தத்தில் நூற்றுக்கு இருபது பங்கு, பேரிடர் வருமுன் ஆபத்தைக் குறைக்கும் வேலைகளுக்கென்றே ஒதுக்கப்பட்டது. ஃபெஞ்சல் புயலுக்குப் பின், 2024 டிசம்பர் 6ஆம் நாள், மத்திய அரசு இந்நிதியில் தன் பங்காக 944.80 கோடி ரூபாயைத் தமிழ்நாட்டிற்கு விடுவித்தது.

அன்பர்களே! தாளில் இவ்வமைப்பு நன்றாகவே உள்ளது. ஆனால் கோட்டையில் தொடங்கும் இச்சங்கிலியின் கடைசிக் கண்ணி கிராமத்தில் இருக்கிறது. யாருடைய வீடு இடிந்தது, யாருடைய ஆடு செத்தது, யாருடைய பயிர் மூழ்கியது என்று எழுதும் அந்தப் பட்டியலே கடைசிக் கண்ணி. நம் மக்களுக்குச் சங்கிலி அங்கேதான் அறுந்துபோகிறது.

எவ்வாறு என்று பாருங்கள். ஃபெஞ்சல் புயலுக்குப் பின் விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி மாவட்டங்களில் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்குக் குடும்ப அட்டை அடிப்படையில் 2,000 ரூபாய் அறிவிக்கப்பட்டது. சேதமடைந்த குடிசைக்கு 10,000 ரூபாய். நீரில் மூழ்கிய நெற்பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய். இவை வரவேற்கத்தக்க அறிவிப்புகளே. ஆனால் ஒரே வீட்டில் மூன்று அடுப்பு எரிந்தும் அட்டை ஒன்றாயிருந்தால் உதவி ஒன்றே. ஏரிக்கரையில் குடியிருக்கும் இருளர் குடும்பத்திடம் அட்டையே இல்லையென்றால் உதவியும் இல்லை. பயிருக்குரிய தொகை பயிரிட்டவர் பெயரில் உள்ள கணக்கைப் பார்த்து வருகிறது. அந்த வயலில் நாற்று நட்டவள், களை பறித்தவள், அறுவடைக் கூலியை நம்பிக் கடன் வாங்கியவள் எந்தக் கணக்கில் வருகிறாள்? வாய்மொழிக் குத்தகைக்கு உழுதவன் எந்த அடங்கலில் இருக்கிறான்? பயிர் அழிந்ததென்று எழுதப்படுகிறது. பயிரோடு அழிந்த கூலி எழுதப்படுவதில்லை.

பிரிக்கப்படாத விழுப்புரம் மாவட்டத்தில், 2011 கணக்கெடுப்பின்படி, நூற்றுக்கு ஏறத்தாழ 29 பேர் அட்டவணைச் சாதியினர். அவர்களில் பெரும்பாலோர் நிலமற்ற உழைப்பாளிகள். ஊர் மேட்டிலும் சேரி பள்ளத்திலும் அமைந்த கிராமங்கள் எத்தனை என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெள்ளம் சாதி பார்த்து வருவதில்லை என்பார்கள். உண்மைதான். ஆனால் அது பள்ளம் பார்த்து வருகிறது. பள்ளத்தில் யாரைக் குடியமர்த்துவது என்பதைச் சாதி பார்த்துத்தான் முடிவு செய்திருக்கிறார்கள்.

ஆழிப்பேரலையின்போதும் இதுவே நடந்தது. கடற்கரை ஊர்களில் நிவாரண முகாம்களில் தலித் மக்கள் ஒதுக்கப்பட்டதையும், படகும் வலையும் இழந்தோர் மட்டும் கணக்கில் வந்து, கூலி இழந்தோர் விடுபட்டதையும் நாகப்பட்டினம் பகுதியில் கள ஆய்வு செய்தோர் பதிவு செய்தனர். அவ்வனுபவத்திற்குப் பின் வந்த 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் 61ஆம் பிரிவு, நிவாரணம் வழங்குவதில் பால், சாதி, சமூகம், வம்சம், மதம் ஆகியவற்றின் பெயரால் பாகுபாடு காட்டலாகாது என்று விதிக்கிறது. முகாம்களில் தங்குமிடம், உணவு, குடிநீர், மருத்துவம், துப்புரவு ஆகியவற்றுக்குக் குறைந்தபட்சத் தரம் வகுக்க வேண்டுமென்று 12ஆம் பிரிவு கூறுகிறது. ஆகவே இவை எவரோ இரங்கித் தரும் பிச்சையல்ல. சட்டம் விதித்த கடமை. இவ்விரு பிரிவுகளையும் இங்குள்ள மாணவர்கள் ஒவ்வொருவரும் நெஞ்சில் எழுதிக்கொள்ள வேண்டும்.

வேறொன்றையும் நினைத்துப் பாருங்கள். முற்காலத்தில் பல ஊர்களில் ஏரிக்கரையைக் காத்தவர் யார்? மதகைத் திறந்து அடைத்த நீர்க்கட்டி யார்? பறையறைந்து ஊருக்குச் செய்தி சொன்னவர் யார்? நம் முன்னோர்களே! எச்சரிக்கையை ஊருக்குக் கொண்டுசென்ற கால்கள் நம்முடையவை. இழிவின் அடையாளமாக நின்ற அந்தத் தண்டோரா முறையைக் கைவிட 2022 ஆகஸ்டில் தமிழ்நாட்டுத் தலைமைச் செயலாளர் அறிவுறுத்தினார். நல்லதே. பறையடிக்கும் கட்டாயம் போகட்டும். ஆனால் நீரின் போக்கை அறிந்த அந்த அறிவு போய்விடலாமா? எந்த மடை முதலில் உடையும், எந்தத் தெருவில் முதலில் நீர் புகும் என்பதை நம் பெரியவர்கள் அறிவார்கள். அவ்வறிவு மாவட்டத் திட்டத்தில் ஏற வேண்டும்.

நீரைப் பற்றிய திட்டமிடல் நமக்கு அயலானதன்று. 1943இல் தாமோதர் ஆறு வங்காளத்தைப் பெருவெள்ளத்தில் ஆழ்த்தியது. அப்போது வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தவர் டாக்டர் அம்பேத்கர். 1945இல் மத்திய அரசையும், வங்காளம், பீகார் மாகாண அரசுகளையும் ஒரே மேசையில் அமர்த்தி, வெள்ளத் தடுப்பு, பாசனம், மின்சாரம் மூன்றையும் இணைத்து அவ்வாற்றுப் பள்ளத்தாக்கு முழுமைக்கும் திட்டமிடும் பணியை அவர் முன்னின்று நடத்தினார். 1948இல் தாமோதர் பள்ளத்தாக்குக் கழகம் உருவாயிற்று. ஓர் ஆற்றை எல்லைக்கோடு பார்த்து நிருவகிக்க இயலாது என்பதே அதன் பாடம். நம் தென்பெண்ணையும் கருநாடகத்தில் பிறந்து, கிருட்டிணகிரி, சாத்தனூர் வழியாக நம்மிடம் வருகிறது. மேலணையின் நீரளவு கீழூருக்கு உடனுக்குடன் தெரிந்தாக வேண்டும். அதுபோலவே, வீடூர் அணை நிரம்பினால் சங்கராபரணிக் கரைவாழ் மக்களுக்குச் செய்தி இரவில் அன்று, பகலிலேயே வந்தாக வேண்டும்.

இது நடவாத செயலா? ஒடிசாவைப் பாருங்கள். 1999ஆம் ஆண்டுப் பெரும்புயலில் அங்கு ஏறத்தாழப் பதினாயிரம் பேர் மாண்டனர். அவ்வாண்டே அம்மாநிலம் பேரிடருக்கென்று தனி ஆணையம் அமைத்தது. கடற்கரையோரம் புயல் காப்பகங்கள் கட்டிற்று. ஊர்தோறும் தொண்டர்களைப் பழக்கிற்று. 2019இல் ஃபானி புயல் வந்தபோது ஏறத்தாழ 12 இலட்சம் மக்கள் முன்னரே வெளியேற்றப்பட்டனர். உயிரிழப்பு நூற்றுக்கும் கீழே நின்றது. இருபதாண்டு முன்தயாரிப்பின் பயன் அது.

இனி நாம் செய்யவேண்டியதைக் கூறி முடிக்கிறேன்.

முதலாவது, ஒவ்வொரு சேரியிலும் ஆண்டுதோறும் ஆடி, ஆவணி மாதங்களிலேயே, அதாவது வடகிழக்குப் பருவமழைக்கு முன்னரே, வீடுதோறும் பட்டியல் எழுதுங்கள். முதியோர், கைக்குழந்தை, கருவுற்ற தாய், மாற்றுத்திறனாளி, கால்நடை, குத்தகைப் பயிர், அட்டையில்லாக் குடும்பம் அனைத்தும் அதில் இடம்பெறட்டும். அதனைக் கிராம சபையில் படித்துத் தீர்மானமாக்கி, வட்டாட்சியருக்கு அனுப்பி, ஒப்புகை பெற்று வையுங்கள். வெள்ளம் வடிந்த பின் எழுதப்படும் பட்டியலோடு ஒப்பிட்டுக் கேட்பதற்கு அதுவே நம் கையிலுள்ள சான்று.

இரண்டாவது, நிவாரண முகாமாகும் பள்ளிக்கூடம் எது, அதன் சாவி யாரிடம், அங்கே போகும் வழி யார் தெரு வழியாக என்பதை முன்னரே கேட்டுத் தீர்த்துக்கொள்ளுங்கள். கழுத்தளவு நீரில் நின்றுகொண்டு வழிக்கு வழக்காட முடியாது.

மூன்றாவது, சாதிச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், பட்டா, குடும்ப அட்டை ஆகியவற்றின் படிகளைக் கல்விக் கழகத்தில் காப்பாக வைக்கும் ஏற்பாடு வேண்டும். 2024 வெள்ளத்திற்குப் பின் இழந்த ஆவணங்களுக்குச் சிறப்பு முகாம்களும், மாணவர்களுக்குப் புதிய பாடநூல்களும் அரசு அறிவித்தது. ஆயினும், நம் பிள்ளையின் பத்தாண்டுப் படிப்பு ஒரு தகரப் பெட்டியோடு மிதந்துபோக விடலாமா?

நான்காவது, இதுவே முதன்மையானது. 1980 நவம்பரில் தமிழ்நாட்டில் கிராம அதிகாரிகளான கர்ணம், மணியக்காரர் பதவிகள் ஒழிக்கப்பட்டன. அதற்கு முன் நெடுங்காலம் ஊர்க்கணக்கு எழுதும் கோல் பரம்பரையாக ஒரு சில குடும்பங்களில் இருந்துவந்தது. இன்று கிராம நிருவாக அலுவலர் பணி தேர்வு எழுதி வென்றவர்க்கு உரியது. நம் பிள்ளைகள் அத்தேர்வை எழுத வேண்டும். வட்டாட்சியராக, பொறியாளராக, ஆட்சியராக வர வேண்டும். வந்தவர்கள் தம் தெருவுக்குச் சலுகை காட்ட வேண்டுமென்று நான் கேட்கவில்லை. எந்தத் தெருவையும் விடாமல் நடந்து சென்று, கண்ணால் கண்டதை எழுதினால் போதும்.

இருபத்தைந்து ஆண்டுகளாக இக்கழகம் நம் பிள்ளைகளின் கையில் எழுதுகோலைத் தந்துள்ளது. வருகின்ற மழைக்காலத்திற்கு முன் அவ்வெழுதுகோல் ஒவ்வொரு சேரியின் பட்டியலையும் எழுதி முடிக்கட்டும்.