நின்ற கார் ஓடுமா?



இன்றைய பேச்சு ஒரு பழைய காரைப் பற்றியது. அது சாதாரணக் கார் அல்ல. இந்திய விடுதலைப் போரில் பங்கு பெற்ற கார்.

1936-ஆம் ஆண்டு. சுபாஷ் சந்திர போஸ் ஐரோப்பாவிலிருந்து கப்பலில் பம்பாய் வந்து இறங்கினார். வெள்ளையர் அரசு உடனே அவரைக் கைது செய்தது. பின்பு புனே நகரில் உள்ள ஏரவாடா சிறையில் அடைத்தது. 1940-இல் கல்கத்தாவில் மறுபடியும் சிறை. அங்கே அவர் உண்ணாவிரதம் இருந்தார். உடல் மெலிந்தது. டிசம்பரில் அவரை எல்ஜின் சாலையில் உள்ள வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆனால் வீட்டைச் சுற்றிப் போலீஸ் காவல்.

வெளிநாட்டுக்குப் போய்ப் போராடுவது என்று போஸ் முடிவு செய்தார். எப்படித் தப்புவது? அண்ணன் மகன் சிசிர் குமார் போஸிடம் கேட்டார். சிசிருக்கு அப்போது 20 வயது. மருத்துவம் படிக்கும் மாணவர். குடும்பத்தில் ஒரு ஜெர்மன் கார் இருந்தது. அதன் பெயர் வாண்டரர். 1937-ஆம் ஆண்டு மாடல். எண் பி.எல்.ஏ. 7169. சிசிர் அதை முன்கூட்டியே பர்த்வான் வரை ஓட்டிச் சோதித்தார்.

1941 ஜனவரி 16. அன்று நள்ளிரவு தாண்டியது. போஸ் முகமது ஜியாவுதீன் என்ற பெயரில் மாறுவேடம் போட்டிருந்தார். காரில் ஏறினார். சிசிர் சாவியைத் திருப்பினார். வண்டி கிளம்பியது.

அன்று அந்த வண்டி கிளம்பாமல் இருந்திருந்தால்? தெரு முனையில் போலீஸ். தள்ளிவிடக் கூட ஆள் இல்லை. எஞ்சின் ஏமாற்றவில்லை. மறுநாள் இரவு அவர்கள் கோமோ ரயில் நிலையத்தை அடைந்தார்கள். அங்கே போஸ் ரயில் ஏறினார். காபூல் வழியாக ஜெர்மனி போனார். 1943-இல் சிங்கப்பூர் வந்து இந்திய தேசிய ராணுவத்துக்குத் தலைமை ஏற்றார். மலேயா தோட்டங்களில் உழைத்த தமிழர்கள் பலர் அந்தப் படையில் சேர்ந்தார்கள்.

அந்தக் கார் பிறகு எல்ஜின் சாலை வீட்டிலேயே காட்சிப் பொருளாக நின்றது. ஆண்டுகள் பல ஓடின. கார் ஓடவில்லை. பின்பு அதைப் பழுது பார்த்துப் பழைய தோற்றத்துக்கும் ஓடும் நிலைக்கும் கொண்டு வந்தார்கள். 2017 ஜனவரி 18 அன்று குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜி அதை மக்கள் பார்வைக்குத் திறந்து வைத்தார்.

நீண்ட நாள் நின்ற வண்டி ஏன் கிளம்புவதில்லை?

அடுப்பு எரிய என்ன வேண்டும்? விறகு, காற்று, நெருப்பு. எஞ்சினுக்கும் இதே மூன்றுதான். பெட்ரோல், காற்று, தீப்பொறி. இவற்றில் ஒன்று இல்லாவிட்டாலும் எஞ்சின் ஓடாது.

நின்ற வண்டியில் பெட்ரோல் கெட்டுப் பிசின் போல் ஆகிவிடும். அது கார்புரேட்டரின் சின்னத் துளைகளை அடைக்கும். டேங்கில் துரு சேரும். பேட்டரி செத்துவிடும். வயர்களை எலி கடிக்கும். ரப்பர் குழாய்கள் வெடிக்கும். எஞ்சினுக்குள் பிஸ்டன் துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும்.

அதனால் எடுத்த எடுப்பில் சாவியைத் திருப்பக் கூடாது. வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் செய்யவும் கூடாது. ஒட்டிய பிஸ்டனை பலமாக இழுத்தால் உள்ளே உடைந்துவிடும். அனுபவமுள்ள மெக்கானிக் வரிசையாக வேலை செய்வார்.

முதலில் பிளக்குகளைக் கழற்றுவார். அந்தத் துளை வழியாகக் கொஞ்சம் எண்ணெய் விட்டு ஊற வைப்பார். பிறகு எஞ்சினைக் கையால் மெதுவாகச் சுற்றிப் பார்ப்பார். சுற்றவில்லையா? இன்னும் சில நாள் ஊற வைப்பார். சுற்றிய பிறகே அடுத்த வேலை.

பழைய ஆயிலையும் பெட்ரோலையும் வடித்துவிடுவார். டேங்கையும் கார்புரேட்டரையும் சுத்தம் செய்வார். பிளக்கில் தீப்பொறி வருகிறதா என்று பார்ப்பார். அந்த நேரம் பக்கத்தில் பெட்ரோல் இருக்கக் கூடாது. பழைய கார்கள் பலவற்றுக்கு 6 வோல்ட் பேட்டரி. அதில் 12 வோல்ட் பேட்டரியை மாட்டினால் பல்புகள் பியூஸ் ஆகிவிடும்.

வண்டியை நகர்த்தும் முன் பிரேக்கைச் சரி செய்ய வேண்டும். ஓடுவதைவிட நிற்பது முக்கியம். மூடிய அறைக்குள் எஞ்சினை ஓட்டக் கூடாது. அதன் புகையில் உயிரைப் பறிக்கும் விஷவாயு இருக்கிறது.

பழைய வண்டிக்கு உதிரிப் பாகம் கடையில் கிடைக்காது. தேய்ந்த பாகத்தை அளவு எடுத்து லேத்தில் கடைந்து செய்ய வேண்டும். கழற்றிய பாகம் ஒவ்வொன்றுக்கும் சீட்டு எழுதிக் கட்ட வேண்டும். எது எங்கே இருந்தது என்பது அப்போதுதான் தெரியும். இங்கே எழுத்தறிவும் ஒரு ஸ்பானர் போல உதவும்.

பம்பு செட்டானாலும் தையல் மெஷினானாலும் இதே முறைதான். நின்றுபோனால் அடிக்காதீர்கள், உடைக்காதீர்கள். காரணத்தைத் தேடுங்கள். ஒவ்வொன்றாகப் பாருங்கள். கல்கத்தாவில் அந்த இரவில் வண்டி கிளம்பியது அதிர்ஷ்டத்தால் அல்ல. முன்கூட்டியே சோதித்துப் பார்த்த ஓர் இளைஞனின் கவனத்தால்.