மாரித் தொடக்கமும் வீட்டுத் தோட்டமும்

"ஆடிப்பட்டம் தேடி விதை" என்னும் பழமொழி தமிழ் வழங்கும் இடங்களிலெல்லாம் வழங்குகின்றது. ஆயினும் யாழ்ப்பாணக் குடாநாட்டின் வளவுகளுக்கு அது பொருந்துவதில்லை. ஆடி மாதத்தில் அங்கே சோளகக் காற்று வீசும். நிலம் வறண்டு கிடக்கும். கிணற்று நீர் கீழிறங்கும். வானம் கறுப்பது புரட்டாதிக் கடைசியிலும் ஐப்பசியிலுமே. ஆண்டு முழுவதும் பெய்யும் மழையின் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழி ஆகிய மூன்று மாதங்களுள் பெய்து முடிந்துவிடுகின்றது. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லாத அந்நிலத்திற்கு அம்மழையே முதல். ஆதலின், மாரிகால வீட்டுத் தோட்டத்தின் வெற்றியும் தோல்வியும் இம்மூன்று மாதங்களைப் பயன்படுத்தும் முறையிலேயே தங்கியுள்ளன.

வீட்டுத் தோட்டம் பொழுதுபோக்கு அன்று என்பதை இலங்கை மக்கள் பலமுறை கற்றுக்கொண்டனர். 1942 ஆம் ஆண்டிற் பர்மா யப்பானியர் வசமாயிற்று. அங்கிருந்து வந்த அரிசி நின்றது. பங்கீட்டு முறை வந்தது. உணவுப் பயிர் செய்யுமாறு அரசினர் மக்களைத் தூண்டினர். எண்பது ஆண்டுகள் கழிந்து 2022 ஆம் ஆண்டில் நாடு மீண்டும் அந்நிலையை எய்தியது. முந்திய ஆண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டிருந்தது. அத்தடை நவம்பரில் நீக்கப்பட்டதாயினும் விளைச்சல் குன்றிவிட்டது. அன்னியச் செலாவணியும் வற்றியது. 2022 செப்டெம்பரிற் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பொருள்களின் விலை ஓராண்டிற்குள் நூற்றுக்கு 94.9 வீதம் உயர்ந்திருந்தது. அவ்வாண்டு யூன் மாதத்தில், வீட்டிற் பயிர் செய்வதற்கென அரசாங்க ஊழியருக்கு வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை வழங்க அமைச்சரவை இணங்கியது. விலை ஏறியபின் விதை தேடுவோர் பலர். விலை ஏறுமுன்பே பாத்தி கட்டி வைத்திருப்பவரின் அடுக்களையே அத்தகைய காலத்திற் கலங்காது நிற்கும்.

தோட்டத்தைத் தொடங்குதல் எளிது. அதனை நிலைநிறுத்துதலே அரிது. முதல் மழை விழுந்தவுடன் மண் மணக்கும், மனம் எழும், கைக்கு எட்டிய விதைகளையெல்லாம் ஒரே நாளில் ஊன்றிவிடத் தோன்றும். கார்த்திகையில் அடைமழை வந்ததும் தாழ்ந்த பாத்திகளில் நீர் தேங்கும். இளஞ்செடிகள் வேரழுகி மாளும். உற்சாகமும் அத்தோடு அடங்கும். இக்குறைக்கு மருந்து மழைக்கு முன்னரே செய்யப்படும் ஆயத்தமாகும்.

முதலாவது, இடந் தெரிதல். காய்கறிப் பயிர்களுக்கு நாளொன்றுக்கு ஆறு மணி நேரமாயினும் வெயில் வேண்டும். மாவும் பலாவும் நிழல் விரிக்கும் மூலையிற் கத்தரி காய்ப்பதில்லை. அத்தகைய இடங்களை வல்லாரைக்கும் இஞ்சிக்கும் விட்டுவிடலாம். வேலியிலுள்ள கிளுவை, பூவரசு, கிளிசறியா ஆகியவற்றின் கிளைகளைப் புரட்டாதியில் வெட்டினால் வெயிலும் கிடைக்கும், குழைகளும் கிடைக்கும். அக்குழைகள் மண்ணுக்கு உரமாகும்.

இரண்டாவது, எரு. கூட்டெரு ஒருநாளில் ஆவதன்று. குழை, சருகு, சாணம், அடுக்களைக் கழிவு ஆகியவற்றை அடுக்கடுக்காக இட்டு, ஈரம் உலராது காத்து, இடையிடையே புரட்டிவந்தால் மூன்று மாதமளவிற் பக்குவமாகும். எனவே ஐப்பசியில் எரு வேண்டுவோர் ஆடியிலேயே குவியலை ஆரம்பித்தல் வேண்டும். சோளகம் உதிர்க்கும் சருகைக் கூட்டி எரிப்பது அங்கு பல வளவுகளில் நிகழும் வழக்கம். அவ்வாறு எரிப்போர் தம் தோட்டத்தின் உணவையே எரிக்கின்றனர்.

மூன்றாவது, பாத்தி. கோடையிற் பாத்தி தாழ்ந்திருக்க வேண்டும். இறைத்த நீர் அதனுள் நிற்கும். மாரியிற் பாத்தி உயர்ந்திருக்க வேண்டும். பெய்த நீர் அதைவிட்டு வடியும். மூன்றடி அகலமும் அரையடி உயரமுமாக மேடை கட்டி, இரு மேடைகளுக்கிடையே ஓரடி வாய்க்கால் விட்டால், இருபுறமும் நின்று களை பிடுங்கவும் கைக்கு எட்டும். கோப்பாய், உரும்பிராய்ப் பகுதிகளின் செம்மண்ணில் நீர் விரைவாக இறங்கும். களி கலந்த தாழ்நிலங்களிலே இவ்வுயர்ச்சி பெரிதும் இன்றியமையாதது.

இனி, பயிர்களின் ஒழுங்கு. கத்தரி, மிளகாய் ஆகியவற்றின் விதைகளைப் புரட்டாதி நடுவிலேயே நாற்றுமேடையில் இடல் நன்று. மேடைமீது வைக்கோலும் உமியும் பரப்பி எரித்து, மண் ஆறியபின் விதைத்தால், நாற்றழுகல் நோயின் கொடுமை குறையும். மேலே கிடுகினாற் சிறு பந்தலிட்டால் வெயிலும் பெருந்துளியும் தாக்கா. நாலு கிழமைகளில் கன்றுகள் நடுகைக்கு ஆயத்தமாகும். அதற்குள் ஐப்பசி மழையும் தொடங்கியிருக்கும். நடுவதற்குச் சில நாள் முன் பந்தலை அகற்றிக் கன்றுகளை வெயிலுக்குப் பழக்குதல் வேண்டும். மாலை வேளையில், மூன்றடிக்கு இரண்டடி இடைவெளியிற் கத்தரியை நடலாம். திருநெல்வேலி ஊதா என்னும் இனம் யாழ்ப்பாணத்தார் கைபழகிய கத்தரிகளுள் ஒன்றாகும். தக்காளிக்கு அடைமழை பகை. அதன் நாற்றைப் பிந்தி இட்டு, மழை தணியும் மார்கழிக் கடைசியில் நடுவோரே நிறைந்த பலன் பெறுவர்.

நேரே விதைப்பதற்குரியவை வெண்டி, பயற்றை, பாகல், புடோல், பூசணி, கீரை முதலியன. வெண்டி விதையை ஓரிரவு நீரில் ஊறவைத்து, குழிக்கு இரண்டு மூன்றாக ஊன்றி, முளைத்தபின் வலியதை விட்டு ஏனையவற்றை நீக்கலாம். பாகலுக்கும் புடோலுக்கும் ஓரடி நீள அகல ஆழமுள்ள குழி வெட்டி, எருவும் மேல்மண்ணும் கலந்து, தரைமட்டத்துக்குச் சற்று உயர்த்தி நிரப்புதல் வேண்டும். கொடி ஏறுமுன் பந்தல் நிற்க வேண்டும். கீரை விதை மிக நுண்ணியது. மணலோடு கலந்து தூவினால் ஒரே அளவாக விழும். எறும்பு இழுத்துச் செல்லாமலிருக்கச் சிறிது அரிசிக் குறுநலை அயலிலே தூவிவிடுவோர் உளர். எறும்பு அதன்மேற் செல்ல, கீரை தப்பும்.

இவையனைத்தையும் ஒரே நாளில் விதைத்தல் கூடாது. கீரை இருபத்தைந்து முதல் முப்பது நாளிற் கறிக்கு வரும். வெண்டி ஏறக்குறைய ஐம்பது நாளிலும், கத்தரி நட்டு இரண்டு மாதத்தின் பின்னரும் காய்க்கும். பத்து நாளுக்கொருமுறை ஒரு சிறு பாத்தியிற் கீரை விதைக்கும் வீட்டில் ஒருநாளும் கீரை ஒழியாது. ஒன்றாக விதைப்போர் ஒருகிழமை அயலாருக்கு வாரிக் கொடுத்து, மறுகிழமை சந்தைக்குச் செல்வர்.

கார்த்திகை தோட்டத்தைச் சோதிக்கும் மாதம். 2008 இல் நிஷாப் புயலும் 2020 இற் புரெவிப் புயலும் கார்த்திகையிலேயே வந்து குடாநாட்டைப் பெருமழையில் ஆழ்த்தின. அத்தகைய பெருக்கை எந்த மேடையும் முற்றாகத் தாங்காது. ஆயினும் வாய்க்கால்களை அடைப்பின்றி வைத்திருத்தலும், கத்தரிக்கும் மிளகாய்க்கும் முளைக்கம்பு நாட்டிக் கட்டுதலும், நாற்றில் ஒருபகுதியை நடாது இருப்பாக வைத்திருத்தலும் இழப்பைக் குறைக்கும். இருப்பு நாற்று வைத்திருப்பவர் புயல் கழிந்த மறுகிழமையே மீண்டும் தொடங்கலாம்.

மழையோடு பகைவரும் வருவர். இரவில் வெளிப்படும் ஆபிரிக்க நத்தைகள் ஒரு நாற்றுமேடையை ஓரிரவில் வெறுமையாக்கவல்லன. விளக்கோடு சென்று, கையுறை அணிந்து பொறுக்கி, உப்பு நீரில் இடுவதே சிறந்த வழி. கத்தரியின் நுனித் தண்டு வாடித் தொங்கினால் உள்ளே துளைப்பான் புழு இருக்கின்றது. வாடிய பகுதியைப் புழுவோடு வெட்டி அழித்தல் வேண்டும். பாகற் பிஞ்சைப் பழ ஈ குத்தாதபடி காகித உறையிட்டுக் காக்கலாம். வெண்டி இலையின் நரம்பு மஞ்சளானால் அது வெண் ஈ பரப்பும் வைரசு நோய், அதற்கு மருந்தில்லை. அச்செடியை இரக்கமின்றிப் பிடுங்குவதே மற்றைச் செடிகளுக்குச் செய்யும் இரக்கமாகும்.

பசளை இடுவதில் யாழ்ப்பாணத்தவர் தனிக் கவனம் கொள்ள வேண்டும். குடாநாட்டின் கீழே கிடப்பது சுண்ணாம்புக்கல். அதன் வெடிப்புகளினூடே மேலே விழும் நீர் விரைந்து நிலத்தடிக்கு இறங்குகின்றது. பெருமழைக்கு முன் அள்ளி இட்ட யூரியா செடிக்குச் சேருவதில்லை. நைத்திரேற்றாகிக் கிணற்றைச் சேர்கின்றது. மலக்குழிகளின் கழிவும் அதனோடு கலக்கின்றது. குடிநீரில் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருத்தலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில் இவ்வரையறை கடக்கப்பட்டிருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. புட்டிப் பால் கரைத்து ஊட்டப்படும் கைக்குழந்தைகளுக்கு அந்நீர் பெருந்தீங்கு தரும். குழந்தைக்கு நற்கறி வேண்டுமென்று தோட்டம் செய்வோர் அதே குழந்தையின் குடிநீரைக் கெடுத்தல் தகாது. வீட்டுத் தோட்டத்தின் அளவுக்குக் கூட்டெருவும் சாம்பலும் வேப்பம் பிண்ணாக்கும் போதுமானவை. இரசாயனப் பசளை இடுவதாயின், சிறிது சிறிதாக, மழை ஓய்ந்த நாளில், கிணற்றடிக்கு எட்ட இடல் வேண்டும்.

வளவில்லாதோரும் மனந்தளர வேண்டியதில்லை. கொழும்பிலும் பிற நகரங்களிலும் மாடி வீடுகளில் வாழ்வோர், அடியில் துளையிட்ட பழைய வாளியிலோ சாக்கிலோ எரு கலந்த மண் நிரப்பி, பசளி, மிளகாய், கீரை ஆகியவற்றை வளர்க்கலாம். அவர்களுக்கும் வேண்டியவை வெயிலும் வடிகாலுமே.

தை பிறக்கும்போது, ஐப்பசியில் உழைத்த வீட்டின் பொங்கற் கறி பெரும்பாலும் அதன் வளவிலிருந்தே வரும். அப்பொழுது ஒரு கடமை எஞ்சியிருக்கும். நோயற்ற, நன்கு காய்த்த செடி ஒன்றைத் தெரிந்து, அதில் இரண்டொரு காய்களைப் பறியாது முற்றவிட்டு, விதை எடுத்து நிழலில் உலர்த்தி, சாம்பல் கலந்து மூடிய போத்தலில் வைத்தல் வேண்டும். கடைகளில் விற்கும் கலப்பின விதைகளின் வழித்தோன்றல்கள் தாயை ஒத்திருப்பதில்லையாதலால், நாட்டினங்களிலேயே இதனைச் செய்தல் தகும். கப்பல் வராத காலமும், கடை பூட்டிய காலமும், விலை எட்டாத காலமும் இந்நாட்டு மக்கள் கண்டவையே. அப்போத்தலிற் கிடக்கும் ஒரு பிடி விதை அத்தகைய காலத்தில் ஒரு குடும்பத்தின் பல மாதக் கறியாகும்.