செவி கற்கும் பாடம்



சிலப்பதிகார அரங்கேற்று காதையைப் பல்லாண்டுகளாகக் கற்பித்து வருகிறேன். குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என ஏழு நரம்புகளையும் கரும்பலகையில் எழுதுவேன், மாணவர் பார்த்தெழுதுவர், தேர்விலும் பிழையின்றி எழுதுவர். ஒருநாள், நாகசுரம் பயிலும் மாணவர் ஒருவர் எழுந்து, "அம்மா, இளி எப்படியிருக்கும்? ஒருமுறை பாடிக் காட்டுங்களேன்" என்றார். முனைவர் பட்டம் பெற்றிருந்தும் எனக்கு வாய் எழவில்லை. பெயர் தெரிந்திருந்தது, ஒலி தெரியவில்லை. அன்றைய நாணமே இன்றைய உரைக்கு வித்து.

பின்னர் அம்மாணவரே எனக்கு ஆசிரியரானார். சுருதிப் பெட்டியை ஒலிக்கவிட்டு, "முதலில் குரலில் நில்லுங்கள். இளியைத் தேடி ஓடாதீர்கள்" என்றார். ஒரு நரம்பில் மூன்றில் இரண்டு பங்கை ஒலிக்கச் செய்தால் இளி பிறக்கும். நான்கில் மூன்று பங்கில் உழை பிறக்கும். குரல் இரண்டு முறை அதிரும் நேரத்தில் இளி மூன்று முறை அதிர்கிறது. இரண்டும் சற்றே பிசகினால் ஒலியில் ஓர் அலைவு எழும். சரியாகப் பொருந்தினால் அவ்வலைவு அடங்கும். அந்த அடக்கத்தைக் கேட்பதே முதற்பாடம்.

பிறகு உரைகள் எனக்குப் புதிதாய்ப் பொருள்பட்டன. தாரத்தில் உழை, உழையில் குரல், குரலில் இளி, இளியில் துத்தம், துத்தத்தில் விளரி, விளரியில் கைக்கிளை என ஐந்தாம் நரம்பு வழியே ஏழும் தோன்றும் முறை, மனப்பாடம் செய்வதற்கான பட்டியல் அன்று. யாழைச் சுருதி கூட்டுவோன் தன் செவியால் நடந்த வழி. 1917இல் 'கருணாமிர்த சாகரம்' தந்த ஆபிரகாம் பண்டிதரும், 1947இல் 'யாழ் நூல்' தந்த விபுலானந்த அடிகளும் அவ்வழியை மீண்டும் நடந்து பார்த்தவர்கள்.

மேலையிசையின் 'கார்டு' எனப்படும் கூட்டொலியையும் இவ்வாறே செவி பிரித்தறியும். முதலில் அடியில் நிற்கும் சுரத்தைப் பற்ற வேண்டும், அடுத்து ஐந்தாவதை, பின் நடுவிலுள்ளதை. ச, ப இரண்டிற்கும் இடையே அந்தர காந்தாரம் நின்றால் மேஜர். சாதாரண காந்தாரம் நின்றால் மைனர். வேறுபாடு அரைச் சுரமே. உணர்வோ முற்றும் மாறிவிடுகிறது. மூன்றாம் நரம்பைப் பகை என்று வகுத்தது நம் மரபு. அதனையே நடுவில் வைத்துக் கூட்டொலி அமைத்தது மேலை மரபு. இவ்விரண்டையும் தமிழ்ச் செவிக்கு இணக்கியவர் நம் பள்ளத்தாக்கின் பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜா. அண்ணன் பாவலர் வரதராசனுடன் ஊர் ஊராகப் பாடியவர். சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேலையிசை கற்றவர். 1976இல் 'அன்னக்கிளி'யில் அறிமுகமாகி, 2025 மார்ச்சில் லண்டனில் தம் சிம்பொனியை அரங்கேற்றியவர். நாட்டுப்புறப் பாட்டில் பழகிய செவியே அவர்க்கு முதல் மூலதனம்.

கவிஞர்களே, இஃது இசைவாணர்க்கு மட்டும் உரிய செய்தியன்று. வெண்பாவிற்குச் செப்பல், ஆசிரியத்திற்கு அகவல் என்று எழுதுகிறோம். ஆனால் தளை தட்டினால் விரல்விட்டுச் சீர் எண்ணித்தானே கண்டுபிடிக்கிறோம்? நம்மில் எத்தனை பேர்க்குச் செவி முதலில் சொல்கிறது? புதுக்கவிதை எழுதுவோர்க்கு எண்ணிப் பார்க்கச் சீரும் இல்லை. செவி ஒன்றே துணை. அதுவும் மங்கினால் எஞ்சுவது அச்சு மட்டுமே.

அரங்கேற்று காதையில் குழலின் வழி யாழும், யாழின் வழி தண்ணுமையும் நின்றன என்கிறார் இளங்கோவடிகள். ஒன்றை ஒன்று கேட்டதனால் அமைந்த அரங்கு அது. நம் மாதக் கூட்டங்களில் கவிதை வாசிப்பிற்கு முன் பத்து நிமிடம் சுருதிப் பெட்டி ஒலிக்கட்டும்; எவரும் பேசாதிருப்போம். பெட்டியை நான் கொண்டு வருகிறேன். இளியைப் பாடிக் காட்டவும் இப்போது எனக்குத் தெரியும்.