நனைந்த சாலையும் நாற்சக்கர இயக்கமும்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

இயலும் இசையும் முழங்கும் இம்மேடையில் மோட்டார் வண்டியைப் பற்றி நாம் பேச முற்பட்டதற்குத் தக்க காரணம் உண்டு. பெங்களூரில் வாழும் தமிழராகிய நாம் ஆண்டிற்கு இருமுறையேனும் தாயகம் சென்று வருகிறோம். அவற்றுள் ஒன்று தீபாவளி. அது வருவதோ ஐப்பசியில். வடகிழக்குப் பருவமழை பொழியும் திங்களில். இரயிலில் இடம் கிடைக்காதவர்கள் (அதற்காக இரயில்வே ஊழியராகிய எம்மைக் கோபித்துக் கொள்ள வேண்டா!) அலுவல் முடிந்த மாலையிலேயே பெட்டிகளையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு ஓசூர், கிருட்டிணகிரி, தருமபுரி வழியாகச் சேலம் நோக்கி விரைகின்றனர். இருளும் மழையும் அயர்வும் அவசரமும் ஒருங்கே கூடும் பயணம் அது.

அண்மை ஆண்டுகளில் நம் இளைஞர் பலர் ‘ஃபோர் வீல் டிரைவ்’ எனப்படும் நாற்சக்கர இயக்கம் கொண்ட வண்டிகளை விரும்பி வாங்குகின்றனர். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படைக்காகச் செய்யப்பட்ட வில்லிஸ் ஜீப்பின் வழியில் வந்தது மகிந்திராவின் தார். அது 2010 இல் வெளிவந்து, 2020 இல் புதுவடிவம் பெற்றது. மாருதியின் ஜிம்னி 2023 இல் விற்பனைக்கு வந்தது. நல்ல வண்டிகளே. ஆனால், “இவ்வண்டி இருக்கையில் மழைக்கு ஏன் அஞ்ச வேண்டும்?” என்று சிலர் கேட்கின்றனர். இந்நம்பிக்கையில் பாதி மெய்; பாதி உயிருக்கே உலை வைப்பது. அவ்விரண்டையும் பிரித்துக் காட்டுவதே எமது நோக்கம்.

முதலில் மெய்யான பாதியைப் பார்ப்போம். சாதாரணக் காரில் இயந்திரத்தின் விசை முன் இரு சக்கரங்களுக்கோ பின் இரு சக்கரங்களுக்கோ மட்டுமே செல்கிறது. சேற்றில் அச்சக்கரங்கள் பற்று இழந்து வீணே சுழன்றால் வண்டி நகராது. அதே விசையை நான்கு சக்கரங்களுக்கும் பங்கிட்டால் ஒவ்வொன்றின் சுமையும் குறைகிறது; வழுக்குதலும் குறைகிறது. மடிக்கேரிக்கு அருகில் மாந்தல்பட்டிக்கு ஏறும் கரடுமுரடான பாதையில் ஜீப்புகள் செல்வதும், குடகின் காப்பித் தோட்டங்களில் அவை உழைப்பதும் இதனால்தான். சேறான செங்குத்துச் சரிவில் மெல்ல இறங்குகையில், குறைந்த வேகப் பல்லிணையில் இயந்திரத்தின் பிடிப்பு நான்கு சக்கரங்களுக்கும் பரவி வண்டியைத் தாங்குவதும் உண்மையே.

இனி மறுபாதி. புறப்படுவது வேறு, நிற்பது வேறு. பிரேக் எல்லாக் கார்களிலும் நான்கு சக்கரங்களுக்கும் உண்டு. ஆகவே தார்ச்சாலையில் பிரேக் மிதித்து நிறுத்தும் வேளையில் நாற்சக்கர இயக்கம் எந்த நன்மையையும் கூட்டுவதில்லை. வண்டி எத்தனை பெரிதாயினும், ஒவ்வொரு டயரும் சாலையைத் தொடும் இடம் ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அளவே. அந்த நான்கு உள்ளங்கைகளை நம்பித்தான் ஒரு குடும்பம் செல்கிறது.

டயரின் பற்று மாதச் சம்பளம் போன்றது. முன்செல்லவும், திரும்பவும், நிற்கவும் அந்த ஒரே தொகையிலிருந்துதான் செலவழிக்க வேண்டும். மழை வந்தால் சம்பளமே குறைந்துவிடுகிறது. கையில் இருப்பதை நான்கு பேருக்குப் பங்கிடலாம். பங்கிடுவதனால் தொகை பெருகுமோ?

கணக்கிட்டுப் பார்ப்போம். மணிக்கு 80 கிலோமீட்டர் விரைவில் செல்லும் வண்டி, காய்ந்த நல்ல தார்ச்சாலையில் பிரேக் பிடித்தபின் ஏறத்தாழ 36 மீட்டரில் நிற்கும். பற்றுக் குறைந்த ஈரச்சாலையிலோ 60 மீட்டருக்கு மேல் ஓடிவிடும். ஆபத்தைக் கண்டு கால் பிரேக்கிற்குச் செல்லும் ஒரு விநாடியில் கடக்கும் 22 மீட்டர் இதில் சேரவில்லை. அதே ஈரச்சாலையில் 40 கிலோமீட்டர் விரைவில் சென்றால், பிரேக் பிடித்தபின் 16 மீட்டரே போதும். விரைவைப் பாதியாக்கினால் அத்தொலைவு கால்பங்காகிறது. இவ்வளவு பெரிய ஆதாயத்தை எந்தக் கருவியும் நமக்குத் தருவதில்லை.

எமது துறையிலிருந்து ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவோம். டபிள்யூ.ஏ.பி.-7 என்னும் மின்சார எஞ்சினில் ஆறு அச்சுகள் உண்டு. ஆறும் மோட்டாரால் இயங்குவன. எல்லாச் சக்கரமும் இயங்கியும், ஈரத் தண்டவாளத்தில் வழுக்கும் என்பதனால் சக்கரத்தின் முன் மணல் தூவும் பெட்டிகளை வைத்திருக்கின்றனர். சகலேசபுரத்திற்கும் சுப்பிரமணிய சாலை நிலையத்திற்கும் இடையே ஏறத்தாழ 55 கிலோமீட்டர் நீளும் மலைப்பாதையில் 50 அடிக்கு 1 அடி என்னும் சரிவு உண்டு. அங்கே மணிக்கு 30 கிலோமீட்டர் என வரம்பிட்டே வண்டிகளை இறக்கி வந்திருக்கின்றனர். இழுக்கும் வலிமையைக் கண்டு இறங்கும் விரைவை உயர்த்துவது இரயில்வேயின் வழக்கமன்று.

இதைவிட நுட்பமான ஆபத்து ஒன்றும் உண்டு. சாதாரணக் காரில், வழுக்கும் இடத்தில் விசையைச் சற்று மிகுதியாகக் கொடுத்தால் சக்கரம் வீணே சுழலும். “சாலை சரியில்லை, மெல்லப் போ” என்று வண்டியே சொல்லும் எச்சரிக்கை அது. நாற்சக்கர இயக்கம் அவ்வெச்சரிக்கையை மறைத்துவிடுகிறது. வண்டி காய்ந்த சாலையில் செல்வதுபோல் எளிதாக விரைவெடுக்கும். சாலையின் வழுக்கலை ஓட்டுபவர் முதன்முதலாக அறிவது பிரேக் மிதிக்கும்போதுதான். அப்பொழுது அறிந்து என்ன பயன்?

தருமபுரியிலிருந்து சேலம் செல்லும் வழியில் தொப்பூர்க் கணவாய் இருக்கிறது. இறக்கமும் வளைவும் சேர்ந்த அவ்விடம் பல உயிர்களைப் பலி கொண்டது. டீசல் மிச்சமாகும் என்றெண்ணிக் கியரை விலக்கி வண்டியை உருளவிடுவது அங்கே கொடிய தவறு. தாழ்ந்த கியரில், இயந்திரத்தின் பிடிப்போடு இறங்குதல் வேண்டும். வளைவிற்கு முன்னரே விரைவைக் குறைத்துவிட வேண்டும்; வளைவின் நடுவில் பிரேக்கைத் திடீரென அழுத்தலாகாது. உயர்ந்த வண்டிகள் கவிழும் இயல்பு மிகுந்தவை என்பதையும் மறத்தல் கூடாது.

தாரிலும் ஜிம்னியிலும் உள்ளதுபோல் நெம்புகோலால் இணைக்கும் வகைக்கு மேலும் ஒரு விதி உண்டு. வளைவில் முன்சக்கரங்களும் பின்சக்கரங்களும் ஒரே தொலைவு ஓடுவதில்லை. நான்கையும் இறுகப் பிணைத்துவிட்டால் அவ்வேற்றுமைக்கு வழியின்றி, பல்லிணைகள் இறுகும், ஸ்டீயரிங் கனக்கும். மண்ணும் சேறும் சற்று வழுக்கி இடம் கொடுக்கும். பற்றுள்ள தார்ச்சாலை கொடாது. காய்ந்த தார்ச்சாலையில் இதனை இணைக்கலாகாது என்பது அதனாலேயே. மழையில் நனைந்த சாதாரண நெடுஞ்சாலைக்கும் இரு சக்கர இயக்கமே போதும். சேறு படிந்த இடத்திற்கு நான்கையும் இணைத்து, அதைக் கடந்ததும் விலக்கிவிட வேண்டும். எப்பொழுதும் நான்கு சக்கரமும் இயங்கும்படி அமைந்த வண்டிகளில் இவ்வேற்றுமையைத் தாங்கும் அமைப்பு உள்ளேயே இருப்பதால் இக்கவலை இல்லை.

அடுத்து டயர். அதிலுள்ள பள்ளங்கள் நீரை வெளியேற்றுவதற்கானவை. அவற்றின் ஆழம் காருக்கு 1.6 மில்லிமீட்டருக்குக் குறைதல் கூடாது என்பது நம் நாட்டு விதி. டயர் தேய்ந்து, விரைவும் மிகுந்தால், நீர்ப்படலம் டயரையே தூக்கிவிடும். வண்டி சாலையைத் தொடாது நீரின்மேல் மிதந்து செல்லும். அந்நிலையில் எத்தனை சக்கரம் இயங்கினாலும் ஒன்றே. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை மெல்ல எடுத்து, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்திருப்பதே வழி. காற்றழுத்தம் குறைந்த டயரில் இது இன்னும் விரைவிலேயே நிகழும். நெடுநாள் வெயிலுக்குப் பின் பெய்யும் முதல் மழையிலும் எச்சரிக்கை வேண்டும். எண்ணெயும் தூசியும் நீரோடு கலந்து சாலையை வழுக்கலாக்கும்.

தேங்கிய நீரைப் பற்றியும் ஒரு சொல். 2022 செப்டம்பரில் பெல்லந்தூர்ப் பக்கம் வெள்ளம் சூழ்ந்து, மக்களை டிராக்டரில் ஏற்றிச் சென்றதை நாமெல்லாம் கண்டோம். 2023 மே 21 அன்று கே.ஆர். சர்க்கிள் சுரங்கப்பாதையில் தேங்கிய மழைநீரில் கார் சிக்கி ஓர் இளம்பெண் உயிரிழந்தார். ஓடும் நீர் 30 சென்டிமீட்டர் ஆழம் இருந்தாலே சிறு கார்களை நகர்த்திவிடும். 60 சென்டிமீட்டர் ஆழம் பெரும்பாலான வண்டிகளை அடித்துச் செல்லும். ஆழம் தெரியாத நீரில் எவ்வண்டியையும் இறக்கலாகாது. திரும்பிச் செல்வதில் இழிவு ஏதுமில்லை.

இளைய நண்பர்களே! நல்ல வண்டி வாங்குங்கள், நாம் மகிழ்கிறோம். பண்டிகைக்குப் புறப்படுமுன் டயரையும் வைப்பரையும் பாருங்கள். மழையில் முன்வண்டிக்கும் உமக்கும் இடைவெளியை இருமடங்காக்குங்கள். உறக்கம் வந்தால் ஓரிடத்தில் தங்கிப் போங்கள். ஊரில் விளக்கேற்றி வைத்துக் காத்திருக்கும் தாய்க்குப் பிள்ளைகள் இரண்டு மணி நேரம் தாமதமாக வருவது பெரிதன்று; வந்து சேர்வதே பெரிது.