முறுக்கிய நூலைப் பிரித்து விடாதீர்கள்
(ஜும்ஆ மேடையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

புகழனைத்தும் அகிலத்தைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ்வுக்கே உரியது. ஸலவாத்தும் ஸலாமும் அண்ணல் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்தம் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

 

திருமறையின் 16ஆம் அத்தியாயமான அந்நஹ்லில் 92ஆவது வசனம், நமதூர் மக்களுக்கு மற்ற ஊராரை விட எளிதில் விளங்கக் கூடியது. நூலை நன்கு முறுக்கி உறுதியாக நூற்ற பின்னர், அதைத் தானே துண்டு துண்டாகப் பிரித்து விட்ட பெண்ணைப் போல் ஆகி விடாதீர்கள் என்று அல்லாஹ் அதில் எச்சரிக்கின்றான். மக்காவில் அவ்வாறு பகலெல்லாம் நூற்று மாலையில் பிரித்துப் போடும் பெண் ஒருத்தி இருந்ததாக விரிவுரையாளர்கள் எழுதுகின்றனர். அல்லாஹ்விடம் கொடுத்த வாக்குறுதியை முறிப்பவனுக்கு அவள் உவமையாக்கப்பட்டாள்.

பிள்ளையார்பாளையத்தின் தெருக்களில் நடந்து செல்பவருக்குத் தறியின் ஓசை புதிதன்று. தறிக்குழியில் கால் வைத்து அமரும் நெசவாளி, பாவில் ஓர் இழை அறுந்தால் உடனே நிறுத்தி, முடிபோட்டு இணைத்த பின்னரே நாடாவை மீண்டும் வீசுகிறார். கோர்வைச் சேலையாயின், கரைக்கென மறுபுறம் இன்னொருவரும் உட்கார்ந்து உடன் உழைக்க வேண்டும். ஒரு சேலை முடிய நாட்கள் பல ஆகும். முந்தியை நெய்யும் நாளில் கவனம் சிதறினால், அதுவரை நெய்த உடலின் அழகும் மதிப்பிழந்து போகும். முஃமினின் வாழ்வும் இவ்வாறே. ஈமானில் துவங்குவது ஒரு பாக்கியம்; அதே ஈமானில் முடிப்பது அதனினும் பெரும் பாக்கியம்.

தங்களுக்குப் பின் வேறெவரிடமும் கேட்கத் தேவையில்லாத ஒரு சொல்லை இஸ்லாத்தில் எனக்குக் கூறுங்கள் என்று ஸுஃப்யான் இப்னு அப்துல்லாஹ் (ரலி) அவர்கள் நபிகளாரிடம் வேண்டினார்கள். அல்லாஹ்வை நம்பினேன் என்று கூறி, பின்னர் அதில் நிலைத்து நிற்குமாறு நாயகம் (ஸல்) அவர்கள் விடையளித்தார்கள். இந்த ஹதீஸ் ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. நம்பினேன் என்பது ஒரு நொடியில் கூறும் வார்த்தை. நிலைத்து நிற்பதோ ஆயுள் முழுவதற்குமான பணி. இதனையே இஸ்திகாமத் என்கிறோம். இதற்குத் துணை நிற்பது தவக்குல், அதாவது அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டுதல். அவன் தருவான் என்னும் உறுதி இல்லாதவனால், சோதனை வரும் நாளில் ஹராமின் வாசலில் நின்று திரும்பி வர இயலாது.

பெருமக்களே! நாம் பின்பற்றும் மத்ஹபின் இமாம், இமாமுல் அஃழம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் கூஃபா நகரில் பட்டுத் துணி வாணிபம் செய்தவர்கள் என்பதை நமதூர் வணிகர்கள் மறந்து விடக் கூடாது. பெண்ணொருத்தி பட்டாடை ஒன்றை விற்கக் கொண்டு வந்து நூறு திர்ஹம் கேட்டாள். இதன் மதிப்பு அதிகம் என்றார்கள் இமாமவர்கள். அவள் நூறு நூறாக உயர்த்தி நானூறு வரை வந்தாள். அதற்கும் அதிகம் என்றதும், பரிகசிக்கிறீர்களா எனக் கேட்டாள். வேறொருவரை அழைத்து மதிப்பிடச் செய்து, ஐந்நூறு திர்ஹத்துக்கு அதனை வாங்கிக் கொண்டார்கள். மற்றொரு முறை, குறையுள்ள துணியொன்றைக் கூட்டாளியிடம் கொடுத்து, குறையைச் சொல்லி விற்குமாறு பணித்தார்கள். அவர் சொல்ல மறந்து விற்று விட்டார். வாங்கியவர் யாரென்றும் தெரியவில்லை. அந்தச் சரக்கின் கிரயம் முழுவதையும் இமாமவர்கள் தர்மம் செய்து விட்டார்கள்.

கடையில் காத்த அந்த நேர்மையே, பின்னாளில் கலீஃபா மன்ஸூர் நீதிபதி பதவியை வற்புறுத்தியபோதும் அவர்களுக்குக் கை கொடுத்தது. மறுத்தார்கள், சிறைப்பட்டார்கள், ஹிஜ்ரி 150இல் பக்தாதில் வஃபாத்தானார்கள். சிறு காரியத்தில் நிலைத்து நின்றவரே பெருஞ்சோதனையிலும் நிலைத்து நிற்பார்.

இதை நம்மோடு பொருத்திப் பார்ப்போம். காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு வழங்கப்பட்டுள்ளது. இந்த ஊரின் பெயரே வாடிக்கையாளரிடம் ஓர் உத்தரவாதமாக இருக்கிறது. அவ்வாறிருக்க, விசைத்தறிச் சேலையைக் கைத்தறி என்று கூறுவதும், போலிச் சரிகையை அசல் சரிகை என்று கூறுவதும் வியாபாரத் தந்திரம் ஆகா, அவை மோசடியே. போட்டி மிகுந்து விட்டது, இப்படிச் செய்யாவிட்டால் கடை நடத்த முடியாது என்று கூறுவோர் உண்டு. அவர்களின் சிரமத்தை நாம் அறியாமல் இல்லை. வெள்ளி, தங்கத்தின் விலை ஏறும்போதெல்லாம் சரிகையின் விலையும் ஏறுகிறது. ஆயினும், ரிஜ்க் வாடிக்கையாளரின் அறியாமையிலிருந்து வருகிறதா, அர்ஷின் அதிபதியிடமிருந்து வருகிறதா என்னும் கேள்விக்கு நாம் ஒவ்வொரு நாளும் கல்லாவில் அமர்ந்து பதிலளித்துக் கொண்டுதான் இருக்கிறோம்.

தவக்குல் என்பது கை கட்டிச் சும்மா இருப்பதன்று. ஒட்டகத்தைக் கட்டி விட்டுப் பின்னர் பொறுப்புச் சாட்டுமாறு பெருமானார் (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். காலையில் பசித்த வயிற்றோடு புறப்பட்டு, மாலையில் நிரம்பிய வயிற்றோடு திரும்பும் பறவையை அவர்கள் உதாரணம் காட்டினார்கள். அந்தப் பறவை கூட்டிலேயே தங்கி விடவில்லை. பறந்து சென்று தேடுகிறது. தேடுவது நம் கடமை. தருவது அவன் பொறுப்பு.

2020ஆம் ஆண்டை எண்ணிப் பாருங்கள். மார்ச் மாத இறுதியில் ஊரடங்கு வந்தது. தறிகள் நின்றன, கடைகள் மூடின, பள்ளிவாசலில் ஜமாஅத் தொழுகையும் நின்றது. அவ்வாண்டு ரமளானில் தராவீஹை வீடுகளில் தொழுதோம். செப்டம்பர் 1 முதல் தமிழகத்தில் வழிபாட்டுத் தலங்கள் மீண்டும் திறக்கப்பட்டபோது, இடைவெளி விட்டு ஸஃப்பில் நின்று கண்ணீர் விட்டோம். இனி ஒரு வக்தையும் விட மாட்டேன் என்று அன்று உள்ளத்தால் வாக்களித்தவர் எத்தனை பேர்! இன்று ஃபஜ்ருடைய ஸஃப்பைப் பார்க்கையில், முறுக்கிய நூலை நாமே பிரித்து விட்டோமோ என்னும் அச்சம் எழுகிறது. நாம் பிறரை மட்டும் சொல்லவில்லை; நம்மையும் சேர்த்தே சொல்கிறோம்.

நம் தமிழகத்திலேயே இஸ்திகாமத்திற்கு ஒரு சான்று உண்டு. கண்ணியமிகு காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயில் சாஹிப் (ரஹ்) அவர்கள் 1896இல் திருநெல்வேலிப் பேட்டையில் பிறந்தார்கள். மாணவப் பருவத்தில் ஒத்துழையாமை இயக்க அழைப்பை ஏற்றுக் கல்லூரிப் படிப்பைத் துறந்தார்கள். பிரிவினைக்குப் பின் சமுதாயம் திகைத்து நின்ற வேளையில், இந்நாட்டிலேயே இருந்து, 1948 மார்ச் 10இல் சென்னை ராஜாஜி மண்டபத்தில் இயக்கத்தை மீண்டும் கட்டினார்கள். அதே ஆண்டு நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில், தனியார் சட்டத்தைக் காக்கும் திருத்தத்தை முன்மொழிந்தார்கள். அத்திருத்தம் ஏற்கப்படவில்லை. ஆயினும் அவர்கள் சோர்ந்து விலகவுமில்லை, கசந்து பேசவுமில்லை. மஞ்சேரித் தொகுதி மக்கள் 1962, 1967, 1971 என மும்முறை அவர்களை நாடாளுமன்றத்திற்கு அனுப்பினர். 1972 ஏப்ரல் 5இல் வஃபாத்தாகும் வரை எளிமையும் தொழுகையும் அவர்களை விட்டு நீங்கவில்லை. திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசல் வளாகத்தில் அடங்கியுள்ளார்கள். வெற்றி கிடைத்ததா என்று அல்லாஹ் நம்மிடம் கேட்க மாட்டான். நிலைத்து நின்றாயா என்றே கேட்பான்.

இறுதியாக, குறைவாயினும் தொடர்ந்து செய்யப்படும் அமலே அல்லாஹ்வுக்கு மிக உவப்பானது என்பது நபிமொழி. எனவே பெரிய சபதங்கள் வேண்டாம். ஒரு வக்து ஜமாஅத்தையேனும் உறுதியாகப் பற்றிக் கொள்வோம். பின்னர் அதனைப் பெருக்குவோம். ஒரு நாளைக்கு ஒரு பக்கமேனும் குர்ஆன் ஓதுவோம். விற்கும் பொருளின் குறையைச் சொல்லி விற்போம். வட்டிக் கடனில் சிக்கிய சகோதரனைக் கண்டால், குறை கூறாது, மீட்க வழி தேடுவோம். ஏனெனில் ஒரு பக்கக் கரை நெய்பவரை மறுபக்கத்தவர் தனித்து விட்டால் சேலை முடியாது. இழை அறுந்து விட்டதா? தவ்பா என்னும் முடி இருக்கிறது. அறுந்த இழைக்காகத் தறியையே கைவிட்ட நெசவாளி எவருமில்லர்.

மரணத் தறுவாயில் யஃகூப் (அலை) அவர்கள் தம் மக்களிடம் சொத்தைப் பற்றிக் கேட்கவில்லை. எனக்குப் பின் யாரை வணங்குவீர்கள் என்றே கேட்டதாகத் திருமறை கூறுகிறது. அந்தக் கேள்விக்கு நம் பிள்ளைகள் தயங்காது விடை கூறும் வண்ணம் நம் வாழ்வு அமையட்டும்.

யா அல்லாஹ்! எங்கள் உள்ளங்களை உன் தீனில் நிலைபெறச் செய்வாயாக! எங்கள் தொழிலில் ஹலாலையும் பரக்கத்தையும் தருவாயாக! ஈமானோடு வாழ்ந்து, கலிமாவோடு மௌத்தாகும் பாக்கியத்தை எங்கள் அனைவருக்கும் நஸீபாக்குவாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாம்.